ஒரு சொட்டு எண்ணெய்

நெமிலிச்சேரியில் கோபியின் வீட்டு மாடியறை. மத்தியான வெயில் ஜன்னல் கம்பிகளை மொசைக் தரையில் கோடு கோடாகப் போட்டிருக்கிறது. அந்தக் கோடுகளின் நடுவே, காலால் அழுத்தி ஒலியைக் கூட்டும் இரண்டு வால்யூம் பெடல்கள்; ஒன்று புதியது, ஒன்று பழையது. மடியில் ஸ்டீல் கிடாரைக் கிடத்தியிருக்கும் நாகேந்திரன், வலது காலைப் புதிய பெடலின்மேல் வைக்கிறார். வைத்தாயிற்று என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார். சுகர் அந்தப் பாதத்தை மரக்கட்டையாக்கி ஆறு மாதமாகிறது. கச்சேரிக் குழுவை நடத்தும் கோபிக்கு அது தெரியாது. தெரிந்தால் ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணத்துக்கே வேறு ஆளைப் பார்த்துவிடுவான். கம்பியை மீட்டுகிறார். தேய்ந்துகொண்டே போகும் ஒலியைக் காலால் மெல்ல அழுத்தித் தாங்க வேண்டும். பெடல் வெண்ணெயாக வழுக்குகிறது. பாதிதான் அழுத்தியிருக்கிறோம் என்று நினைக்கும்போதே ஸ்பீக்கர் அலறுகிறது. கோபி நிமிர்ந்து பார்க்கிறான். "கை வழுக்கிடுச்சு" என்கிறார்.

பழைய பெடலுக்கு மாறுகிறார். அது அழுத்த அழுத்தக் கீச்சிடுகிறது. அந்தக் கீச்சைக் காதால் அளந்து அளந்து காலை இறக்குகிறார். ஒலி தேயாமல், உடையாமல், அறை முழுக்க நிற்கிறது. "இதுவே போதும் கோபி." "இன்னா அண்ணாத்தே, புச்ச உட்டுட்டு இத்தப் போயி... சரி, இரு. ஒரு சொட்டு எண்ணெய் உட்டா சத்தம் பூடும்." தையல் மிஷின் எண்ணெய்க் குப்பியோடு குனிகிறான். நாகேந்திரன் அவன் மணிக்கட்டை எட்டிப் பிடிக்கிறார். "வேணாம்." பிடி இறுகியிருக்கிறது. கோபி அவர் முகத்தைப் பார்க்கிறான். பிறகு அவன் பார்வை மெல்லக் கீழே, பெடலின்மேல் கிடக்கும் காலுக்கு இறங்குகிறது. குப்பியின் மூக்கில் திரண்ட எண்ணெய் அவர் கால் கட்டைவிரலில் சொட்டி, விரலிடுக்கில் வழிகிறது. விரல் மடங்கவில்லை.