மாற்ற ஆள் வரும்வரை

பச்சை விளக்கு எரியவில்லை.

தரையில் மல்லாந்து கிடந்த ரப்பர் பொம்மையின் மார்பில் உள்ளங்கைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, முழங்கை மடங்காமல் அமுக்கிக்கொண்டிருந்தாள் அவள். அமுக்கும் ஆழம் சரியாக இருந்தால் பொம்மையின் தோளில் பச்சை விளக்கு எரியும். எரிந்தால் முதலுதவித் தேர்வில் தேர்ச்சி.

தேறினால் தீயணைப்பு வண்டியிலும் ஆம்புலன்சிலும் ஏறலாம். தேறாவிட்டால் கட்டுப்பாட்டு அறையில் தொலைபேசி எடுக்கும் வேலை. அந்த வேலையை அவள் ஒருநாளும் குறைத்துப் பேசியதில்லை. ஆனால் அவளுக்கு வண்டியில்தான் ஏற வேண்டும்.

வகுப்பில் அவளுக்கு வைத்த பெயர் தீக்குச்சி. ஊதினால் பறந்துவிடும் உடம்பு. தீயணைப்பு நிலையத்தில் இப்படி ஒரு பெயரா என்று வைத்தவர்களே விழுந்து விழுந்து சிரித்தார்கள். நனைந்த ஹோஸ் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் ஏணியின் உச்சிவரை ஏறிக் காட்டிய பிறகும் பெயர் மட்டும் மாறவில்லை.

அவளுக்கு முன்னால் தேர்வு முடித்தவன் பெயர் புல்டோசர். அவன் அமுக்கிய அமுக்கில் விளக்கு பளிச்சென்று எரிந்தது. பொம்மைக்குள் ஏதோ 'டக்'கென்றது. எல்லோரும் கைதட்டினார்கள்.

இப்போது யாரும் கைதட்டவில்லை.

"போதும், எந்திரிம்மா," என்றார் பயிற்சி அதிகாரி. "கையில வலு இல்ல. வந்த அன்னைக்கே சொன்னேன்."

அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வாய்விட்டு எண்ணிக்கொண்டே அமுக்கினாள். மூக்கு நுனியிலிருந்து வியர்வை பொம்மையின் மேல் சொட்டியது.

"எந்திரின்னா எந்திரிக்கணும். உனக்காகத் தேர்வை நாளைக்கு வரைக்கும் நடத்த முடியாது."

தோள்பட்டை இரண்டும் கழன்றுவிடும்போல் வலித்தது. வலிக்கட்டும். மூச்சு வாங்கிய இடைவெளியில் சொன்னாள்.

"மாத்த ஆள் வராம கையை எடுக்கக் கூடாதுன்னு நீங்கதான் சார் சொன்னீங்க. வந்து மாத்துங்க, எடுக்கிறேன்."

யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அதிகாரியின் காது சிவந்தது. முதல் வகுப்பில் அவரே கரும்பலகையில் எழுதிப்போட்ட விதி அது. இல்லையென்று சொல்ல முடியாது. இந்தக் கூத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம் என்று எதிரே முட்டி போட்டார்.

அவர் கை வந்து இறங்கியதும் அவள் கையை எடுத்தாள்.

அதிகாரி அமுக்கினார். விளக்கு எரியவில்லை.

இன்னும் பலமாக அமுக்கினார். பொம்மையின் கால்கள் துள்ளின. விளக்கு எரியவில்லை. புல்டோசர் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நெஞ்சு நல்லாத்தான் சார் இறங்குச்சு," என்றாள் அவள், இன்னும் இரைத்தபடி. "நீங்கதான் குனிஞ்சு பாக்கல."

அதிகாரி எழுந்தார். வேறொரு பொம்மையை எடுத்துவரச் சொன்னார். களைத்த கையோடு அவள் மறுபடியும் அமுக்கினாள். விளக்கு எரிந்தது. அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எரியாதப்போ எப்படிம்மா அவ்வளவு நிச்சயமா இருந்தே?" என்று கேட்டார் அதிகாரி. குரல் இறங்கியிருந்தது.

"கைக்குத் தெரியும் சார்," என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

வாசலில் அண்ணன் பைக்கில் சாய்ந்து காத்திருந்தான். அவள் நடையைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது. சிரிக்கப் போய் இருமல் வந்தது. இருமும்போதெல்லாம் செய்வதுபோல விலாவைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

குளியலறை வாசலில் அவன் சுருண்டு விழுந்த அந்த மதியம், மூச்சும் இல்லை, அசைவும் இல்லை. தரையில் கிடந்த போனிலிருந்து முகம் தெரியாத ஒரு பெண், ஆள் வரும்வரை கையை எடுக்காதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். போய்விட்டான், விட்டுவிடும்மா என்று அழுதுகொண்டே அப்பா அவள் தோளைப் பிடித்து இழுத்தார். அவன் விலா எலும்பு முறிந்தது அவள் உள்ளங்கைக்குத் தெரிந்தது. அப்போதும் அவள் விடவில்லை. ஆம்புலன்ஸ்காரர் வந்து எதிரே முட்டி போட்ட பிறகுதான் கையை எடுத்தாள்.

அண்ணன் இருமி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"பாவம்டி அந்தப் பொம்மை," என்றான். "அதுக்காவது விலாவை மிச்சம் வெச்சியா?"