ஆத்தா கொடுத்த உத்தரவு

“கோவாவுக்குப் போறேன்னு இன்னொருக்கா சொன்னா காலை ஒடிச்சுப்போடுவேன்!” லட்சுமணசாமி போட்ட சத்தத்தில் கூடமே அடங்கியது. சத்தம் மகள் ஹாரிகாவுக்கு. பார்வை மட்டும் சோபாவில் சாய்ந்திருந்த அண்ணன் பாலகோபால் மேல்.

ஆடி வெள்ளி பூஜைக்காகச் சொந்தபந்தம் எல்லாம் அந்தப் பீளமேட்டு வீட்டில் கூடியிருந்தது. பாலகோபால் வைத்ததுதான் அங்கே சட்டம். அவருக்கு மேல் ஒரு வார்த்தை உண்டென்றால் அது மாரியாத்தாளுடையதுதான்.

கோவாவில் ஒரு கால்பந்து கிளப் ஹாரிகாவைக் கோல்கீப்பராகக் கூப்பிட்டிருந்தது. மாலைக்குள் பதில் போகாவிட்டால் அந்த இடம் வேறொருத்திக்கு.

“ஸ்பிரிட்டு ஆறா ஓடுற ஊருக்கு வயசுப்புள்ளயை அனுப்பறதா?” என்றார் பாலகோபால்.

“நமக்கு டீம் ஸ்பிரிட்டு மட்டும் போதுங்க பெரியப்பா!”

“எந்த ஸ்பிரிட்டும் நம்மூட்டுக்கு ஆகாது.”

அவர் சொல்லி முடிக்கவில்லை, “டேய்ய்ய்!” என்று ஓர் அலறல். ஹாரிகாவின் அம்மா ரங்கம்மாள் கொண்டை அவிழ, கையில் வேப்பிலையோடு நடுக்கூடத்தில் குதித்தாள். வருஷா வருஷம் மாரியம்மன் நோம்பியில் அவளுக்குச் சாமி வருவது ஊரறிந்த சங்கதி. பாலகோபால் சட்டென்று சோபாவிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தார்.

“எம் பொண்ணைத் தடுக்கறவன் எவன்டா? அனுப்புடா அவளை! அனுப்பு... கடலோரம்... அந்த... அந்த ஊருக்கு...” ஆத்தா தடுமாறினாள்.

“கோவாவுக்குங்களா ஆத்தா?” லட்சுமணசாமி கை கூப்பி நடுங்கினார்.

“ஆமாண்டா! கோவா!” ஆத்தா இன்னும் ரெண்டு குதி சேர்த்தே குதித்தாள். டீப்பாய் உருண்டது.

“உத்தரவுங்க ஆத்தா! ஏனுங்கண்ணா, நீங்க என்ன சொல்றீங்க?”

“ஆத்தாளே சொன்னதுக்கப்புறம் நான் ஆருடா?” பாலகோபால் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “போயிட்டு வா கண்ணு.”

நெற்றியில் குங்குமம் வைக்கும்போது ஆத்தா ஹாரிகாவைப் பார்த்து ஒற்றைக் கண்ணைச் சிமிட்டினாள். வந்த சிரிப்பை அடக்க ஹாரிகா படாத பாடு பட்டாள். கிளப்புக்கு ‘வருகிறேன்’ என்று செய்தி அனுப்பிவிட்டுச் சமையலறைக்கு ஓடி அம்மாவைக் கட்டிக்கொண்டாள். சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

“அப்பாவை நெனச்சாத்தாம்மா பாவமா இருக்குது. நெசம்னே நம்பிப்போட்டாரு!”

ரங்கம்மாள் சொம்பு மோரைக் குடித்தாள்.

கதவு திறந்தது. உள்ளே வந்த லட்சுமணசாமி, கூடத்தை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத் தாழ்ப்பாள் போட்டார்.

“ஏனம்மணி, அத்தனை தடவை சொல்லிக் குடுத்தும் ஊர்ப் பேரை மறந்துபோட்டயே!”