விடாதே!

“மிதி! நல்லா மிதி!” கணவன் அலறினான்.

“பெடல் தரையைத் தொட்டுடுச்சுங்க!” அவளும் கத்தினாள்.

“காலை எடுத்தே, எல்லாம் போச்சு!”

அவள் ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு அழுத்தினாள்.

“ம், இப்ப விடு!” என்றபடி காருக்கு அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்தான்.

சக்கரங்களைக் கழற்றிவிட்டதால், அந்தப் பழைய கார் கட்டைகள்மேல் நின்றிருந்தது. புது பிரேக் மாட்டியபோது குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்ற, அவள் பெடலை மிதிப்பதும் அவன் அடியில் குழாயின் திருகைத் திறந்து மூடுவதுமாகக் காலையிலிருந்து இதே கூத்து.

“நான் விடச் சொல்றதுக்கு முன்னாடி காலை எடுக்கலையே? எடுத்திருந்தா காத்து திரும்ப உள்ளே போயிருக்கும். பிரேக் பிடிக்காது.”

கால்வலி பொறுக்காமல் இரண்டு தடவை எடுத்திருந்தாள். சொன்னால் முதலிலிருந்து மிதிக்க வேண்டும்.

“எடுக்கவே இல்லைங்க.”

“அப்ப சக்கரத்தை மாட்டிடறேன். பசங்களைக் கூப்பிடு, மலைப்பாதையில ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்.”

அவள் இறங்கவில்லை. காலை மறுபடியும் பெடல்மேல் வைத்தாள்.

“எதுக்கும் முதல்லேருந்து ஒரு தடவை மிதிச்சுடறேங்க.”