சீட் இல்லாத ஜாகுவார்

விமான மாடலுக்குள் சீட் வேண்டாம் என்று அந்த அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். சுஜின் வைத்து ஒட்டிவிட்டான்.

இப்போது வாசலில் அவளுடைய கார் வந்து நின்றுவிட்டது. அவன் கையில் பிளேடு.

சுஜினுக்குத் தொழில் பல் செய்வது. தக்கலையில் ஒரு லேபில் கேப் செய்வதும் செட் கட்டுவதுமாகப் பதினாலு வருஷம் ஓடிவிட்டது. மிச்ச நேரமெல்லாம் குலசேகரத்து வீட்டின் முன்னறையில் போர் விமான மாடல்கள்தான். ஒரு இடைவெளியைக் கண்டால் நிரப்பாமல் விடமாட்டான். கை அப்படிப் பழகிப்போயிருந்தது.

பூங்கனியம்மா குளச்சல் கடற்கரைக்காரி. நாலு மாதத்துக்கு முன்னால் தனியாகத்தான் வந்தாள். மகன் ஸ்டெனி ஏர்ஃபோர்ஸில் ஓட்டின ஜாகுவார் விமானம் வேண்டும். பறவை மோதி விழுந்துபோன அதே பிளேன், வாலில் அதே நம்பர். சக்கரம் மடங்கியிருக்க வேண்டும். மேலே கண்ணாடி வேண்டாம், உள்ளே சீட் வேண்டவே வேண்டாம். எல்லாம் மாதா கோயிலில் வைப்பதற்கு என்றாள். சொல்லி முடிப்பதற்குள் கண் நிறைந்துவிட்டது.

சுஜின் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. எந்த வாயால் கேட்பான்? அவனுடைய சபையில் கோயிலுக்கு ஒரு பொருள் வாங்கி வைத்தால் அது பெரும்பாலும் செத்தவர் பெயரில்தான். பெஞ்சாகட்டும், சுவர்க் கடிகாரமாகட்டும், இன்னார் ஞாபகார்த்தமாக என்று எழுதியிருக்கும்.

விமானத்தின் நம்பரை போனில் தேடினான். எரிகிற வயல்வெளிப் படம்தான் முதலில் வந்தது. செய்தியை வாசிக்கத் தைரியமில்லாமல் மூடிவிட்டான்.

பிள்ளை கடைசியாக உட்கார்ந்த இடத்தைப் பார்க்கச் சகிக்காமல்தான் சீட் வேண்டாம் என்கிறாள் என்று அவனே முடிவு கட்டிக்கொண்டான். வேலை செய்யும்போது ரேடியோகூட வைக்கவில்லை. அத்தனை மரியாதை.

விமானம் நன்றாகவே வந்தது. உள்ளே சீட் இருக்க வேண்டிய குழி மட்டும் பல் போன வாய் மாதிரி அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பொறுக்கவில்லை. சும்மா செய்து பார்ப்போம் என்று ஆரம்பித்து முப்பத்தோரு துண்டில் ஒரு சீட்டைச் செய்துவிட்டான். ஈயத் தகட்டில் பெல்ட். செம்புக் கம்பியை வளைத்துக் காலிடுக்கில் ஒரு பிடி, அதில் மஞ்சளும் கறுப்புமாகக் கோடு. ஜென்மத்தில் அவன் அத்தனை நேர்த்தியாக ஒன்றைச் செய்ததில்லை. அதைக் கொண்டுபோய் டப்பாவில் போட மனசு வருமா? லேபில் கேப் ஒட்டுகிற பசையை வைத்து ஒட்டியே விட்டான்.

அவன் மனைவி பெமிலா இன்று மத்தியானம்தான் அதைப் பார்த்தாள்.

“அந்த அம்மை வேண்டாம்னு சொன்னதை நீங்க எதுக்குச் செய்தியோ? செத்த பிள்ளைக்க சீட்டைக் கொண்டு பெத்தவ முன்னால நீட்டுவியளா?”

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஒரு மணி நேரமாகப் பிளேடால் சுற்றிச் சுற்றிக் கீறுகிறான். இருபது வருஷம் சோறு மெல்லுகிற பல்லையே பிடித்து நிறுத்துகிற பசை, சும்மா விடுமா?

பூங்கனியம்மா உள்ளே வந்தாள். பின்னாலேயே ஒரு ஆள் வந்தான். இடுப்பில் அகலமான பெல்ட் கட்டி, முதுகை வளைக்காமல் மெல்ல நடந்தான். இளைய மகனாக இருக்கும் என்று சுஜின் நினைத்தான்.

அவள் விமானத்தின் மேல் குனிந்தாள். குழிக்குள் பார்த்தாள்.

சுஜின் பிளேடை மேசையில் வைத்தான். அறியாமல் செய்துவிட்டேன், மன்னிக்க வேண்டும், எப்படியாவது கழற்றித் தந்துவிடுகிறேன் என்று எதையெதையோ உளறினான்.

கூட வந்தவன் நாற்காலியில் பதமாக உட்கார்ந்து விமானத்தை வாங்கினான். கண்ணருகில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு மேசையில் கிடந்த ட்வீசரை எடுத்து அந்த மஞ்சள் கறுப்புப் பிடியைக் கவ்வினான். அங்கே பிடித்தால் ஒடிந்துவிடும் என்று சுஜின் பதறினான்.

அவன் கேட்கவில்லை. நேர் மேலே ஒரே இழுப்பு. ஒரு மணி நேரம் கீறியதில் இளகியிருந்த சீட் முழுசாகக் கழன்று வந்தது.

“இதைப் பிடிச்சு இழுத்துத்தான் அண்ணே நானும் சீட்டோட வெளிய பறந்து வந்தேன்” என்றான் ஸ்டெனி.

சுஜின் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். நாலு மாதமாக யாருக்குத் துக்கம் காத்தானோ அவன் எதிரே இருந்து முதுகைத் தடவிக்கொண்டு, குடிக்கக் கட்டன் சாயா கிடைக்குமா என்று கேட்கிறான். பெமிலா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். சுஜினுக்கும் சிரிப்பு வந்தது. நெஞ்சிலிருந்து ஒரு அம்மிக்கல்லை யாரோ தூக்கி வெளியே வைத்த மாதிரி இருந்தது.

விஷயம் கேட்டுப் பூங்கனியம்மாவுக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. கடற்கரைக் கோயிலில் காணிக்கை வைப்பது கேட்டது கிடைத்தவர்கள் அல்லவா என்றாள். கால் சுகமானால் வெள்ளித் தகட்டில் ஒரு கால், பார்வை வந்தால் இரண்டு கண். மகன் பிழைத்து வந்ததற்கு, கண்ணாடி பறந்து, சீட்டோடு அவன் வெளியே வந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே அந்தப் பிளேனைச் செய்து வைப்பதாக மாதாவுக்கு நேர்ந்திருந்தாளாம். மாதாவுக்கு நேர்ந்துகொள்கிற வழக்கமே இல்லாத மலையோரத்துச் சபைக்காரனுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்?

சுஜின் விமானத்தைப் பெட்டியில் வைக்க எழுந்தான். அவள் தடுத்தாள். சுண்டுவிரல் நுனியளவு இருந்த சீட்டை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கைக்குட்டையில் முடிந்துகொண்டாள்.

“பிளேன் இங்கயே இருக்கட்டு மக்கா, அது விழுந்ததுதான. எம்மவனைக் கொண்டு தந்தது இதாக்கும். மாதாவுக்கு இதை வச்சாப் போரும்.”