நாலாம் குழியருகே இரண்டு மீஸான் கற்கள்

பெக்கோ இயந்திரம் மண் அள்ளும் வாளியைத் தூக்கிக்கொண்டு சரிவில் ஏறியபோது, ஹோட்டல் கொடுத்த பச்சைச் சட்டையோடேயே இத்ரூஸ் போய் அதன் குறுக்கே நின்றார்.

அவருக்குப் பின்னால் இரண்டு மீஸான் கற்கள். ஆளை அடக்கிய கபுறில் தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று என்று நடுவார்களே, அவைதான்.

கற்கள் நின்றது குளக்கரை ஹோட்டலின் கோல்ஃப் மைதானத்தில், நாலாவது குழிக்குப் போகிற வழியில். வெள்ளைக்காரர் அடிக்கிற பந்தெல்லாம் அதில் பட்டு எங்கெங்கோ தெறித்தது. அடுத்த வாரம் பெரிய போட்டி வேறு. புதிதாக வந்திருந்த மனேஜர் மகேஸ்வரன் இன்றைக்கே இரண்டையும் பிடுங்கச் சொல்லிவிட்டார்.

கல் போனால் போகட்டும் என்று விட முடியுமா? அந்தக் கபுறைப் பார்க்க ஆட்கள் வந்து போகட்டும் என்றுதான் ஹோட்டல்காரர் வேலியில் ஒரு வழி விட்டிருந்தார்கள். அந்த வழியால்தான் நாற்பது வீட்டுச் சனம் குளத்துக்கு இறங்கியது, வள்ளம் எடுத்தது, வலை போட்டது. கல் போனால் அன்றைக்கே வேலி அடைபடும். பிறகு வில்கமுவ பஸ்ஸை நம்பி ரோட்டால் சுற்ற வேண்டியதுதான். அந்த பஸ் வருகிற லட்சணம் தெரிந்ததே.

“இது ஆருடைய கபுறு, இத்ரூஸ்? பேரைச் சொல்லுங்கோ,” என்றார் மகேஸ்வரன். குரலில் மரியாதை இருந்தது, பொறுமை இல்லை.

பெயர் ஊருக்கே தெரியாது. ஒவ்வொரு வீடும் அது அடுத்த வீட்டில் இறந்தவரின் மையத்து என்று நினைத்திருந்தது. துக்கத்தைக் கிளறக் கூடாதென்று எவரும் கேட்டதில்லை. இத்ரூஸ் தினமும் சுற்றிப் புல் வெட்டுவார். ஆனால் ஒரு நாளாவது அங்கே நின்று கையேந்தி துஆக் கேட்டதில்லை. தாங்க முடியாத பிரிவு போலிருக்கிறது, பாவம், என்று பேசிக்கொண்டார்கள்.

இத்ரூஸ் கல்லை ஒட்டி நின்றுகொண்டார். தோண்டினால் வேலை போகும், பாதை போகும், மானமும் போகும். ஆனாலும் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. பிறந்த நாளிலிருந்து இறங்குகிற குளத்துக்கு இவர்களிடம் அனுமதி கேட்கவா?

“என்ட கையால தோண்டி, என்ட கையாலயே மண் போட்டு மூடின சேர். பெக்கோ போகணும்னா என்ட மேலால போகட்டும்.”

ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

பெக்கோ டிரைவர் எஞ்சினை நிறுத்தி, தொப்பியைக் கழற்றிக்கொண்டு கீழே இறங்கினான். இனி யார் சொன்னாலும் அவன் ஏற மாட்டான் என்பது நின்ற நிலையிலேயே தெரிந்தது. மகேஸ்வரன் கல்லைப் பார்த்தார், இத்ரூஸைப் பார்த்தார். நாலாவது குழியை வேறு பக்கம் தள்ளச் சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தார்.

அவர் தலை மறைந்த பிறகுதான் இத்ரூஸ் மூச்சு விட்டார். வலைக் கூடையோடு இறங்கி வந்த பெண்கள் கல்லுக்கு ஸலாம் சொல்லிக்கொண்டு குளத்துக்குப் போனார்கள்.

மண்ணுக்கடியில், மூன்று வருடமாக, ஒரு தகரப் பலகை மல்லாந்து கிடந்தது. ஹோட்டல்காரர் அந்தப் பாதையில் முதன்முதலாக நட்டது. நட்ட மறுநாளே இத்ரூஸ் பிடுங்கி அடக்கியது. இவ்வழியே செல்வது தடை என்று அதில் மூன்று மொழியிலும் எழுதியிருந்தது.