மூன்றாவது வளைவு

"பிரேக் விஷயத்துல மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீங்க சார்," என்று தன் வழக்கமான பாட்டைத் தொடங்கினார் மெக்கானிக்.

"யார் பார்த்தா? இருக்கிறதுலயே நல்லதைக் கொடுங்க," என்றார் வந்தவர்.

மெக்கானிக்கின் காதில் தேன் பாய்ந்தது. "ரேஸ் டிராக்ல ஓடுற வண்டியா?"

"ஸ்போர்ட்ஸ் கார். மாசத்துல ஒரு ஞாயிறு ஓடும். மூணு ரவுண்டு வரைக்கும் சொன்ன பேச்சு கேட்குது. நாலாவது ரவுண்டுல, மூணாவது வளைவுகிட்ட, நிக்கவே மாட்டேங்குது."

"பிரேக் பேட் சூடாயிடுது. கருகுற வாடை வருமே?"

"மூக்கைத் துளைக்கும். முன்சக்கரத்துல புகைகூடத் தெரியும்."

இவ்வளவு கூர்மையான டிரைவரை மெக்கானிக் பார்த்ததே இல்லை. சூடு தாங்கும் பேட், பெரிய டிஸ்க், லேசில் கொதிக்காத பிரேக் ஆயில் என்று மேசை நிறையப் பரப்பினார். வந்தவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

"பெடலை மிதிச்சா எப்படி இருக்கு? கல்லு மாதிரியா, பஞ்சு மாதிரியா?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

"ஓட்டுறது நீங்கதானே?"

"எனக்கு சைக்கிள்கூட ஓட்ட வராதுங்க. வண்டிக்காரர்கிட்ட கெஞ்சிப் பார்த்தேன். இருக்கிற பிரேக்கே போதும்னுட்டார். அதான், பிறந்தநாள் பரிசுன்னு சொல்லி மாட்டிவிட்டுடலாம்னு வந்தேன்."

"அவர் வண்டி மேல உங்களுக்கு ஏன் சார் இவ்வளவு அக்கறை?"

வந்தவர் பையிலிருந்து ஒரு மஞ்சள் கொடியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"மூணாவது வளைவுல கொடி காட்ட நிக்கிறவன் நான்தான். நாலாவது ரவுண்டுல அந்த வண்டியைவிட வேகமா ஓடுறது, அந்த டிராக்லயே நான் ஒருத்தன்தான் சார்!"