சண்டையில்லாத வீட்டுக்கு உப்புக்கண்டம்

ஒரு வருஷம் சண்டையே போடாத புருஷன் பெண்டாட்டிக்கு ஊர் கொடுக்கிற பரிசு கம்பத்தில் தொங்குகிறது: பன்றியின் ஒரு பக்கம் முழுவதும் உப்புக்கண்டமாக, வெயிலில் கொழுப்பு மினுங்க. அதன் கீழே, தேவாலய வாசலின் கூரான கற்கள்மேல் ஹெஸ்டரும் அவள் புருஷன் ஜெத்ரோவும் மண்டியிட்டிருக்கிறார்கள். "சத்தியமாச் சொல்லும்மா, இவன் உன்மேல கை வச்சதுண்டா?" என்று பாதிரியார் கேட்கிறார். ஜெத்ரோ அவளுடைய சுண்டுவிரலை மெல்ல வருடுகிறான். போன மாதம் அவன் ஒடித்த விரல். முன்வரிசையில் அவள் பிள்ளைகள் தொங்கும் இறைச்சியையே பார்த்து எச்சில் விழுங்குகிறார்கள். "இல்லீங்க சாமி" என்கிறாள். கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. "அடியே ஹெஸ்டர், அந்த வித்தைய எங்களுக்கும் சொல்லிக் குடுடி!" என்று ஒருத்தி கூவுகிறாள். இருவரையும் ஒரு நாற்காலியில் உட்காரவைத்துத் தோளில் தூக்குகிறார்கள். கூட்டத்துக்குக் கையாட்டிக்கொண்டே ஜெத்ரோ அவள் காதருகே குனிகிறான். "இனிமே எவகிட்டப் போய் அழுவ? ஊரே கேட்டுடுச்சுல்ல."